கடைமடைக் கப்பற்படை

பிரின்ஸி தன் அப்பா பெயரில் ஒரு கப்பற்படையை நடத்திவந்தது அப்பாவுக்கே தெரியாது.

சிங்கராயர் கொத்தனார். வெளிநாட்டுக்குப் போனவர்கள் கூத்தாநல்லூரில் கட்டும் மாடி வீடுகளில் பாதிக்காவது அவர் கரணை பட்டிருக்கும். மகள் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். வேலை தேடி மெட்ராசுக்குப் போக அம்மா இருதயம்மாள் விடவில்லை. அதனால் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் கலந்தர் பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டாள். 2003ஆம் வருடம். அந்த வருடமும் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை, குறுவை இல்லை. வயலில் வேலை இல்லாத ஆண்கள் ஒவ்வொருவராக சிங்கப்பூர், குவைத், மலேசியா என்று கிளம்பிப்போக, அவர்களோடு பேச வரும் பெண்களால் சென்டரின் எட்டுத் தடுப்புகளும் சாயங்காலம் நிரம்பிவிடும். அவர்களுக்கு மெயில் அடித்துக் கொடுப்பதும், ஹெட்போனை மாட்டிவிட்டு இதில் பேசுங்கள் என்று காட்டுவதும் பிரின்ஸியின் வேலை. எல்லோரும் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை அங்கே ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில்தான் 'லாஸ்ட் ஹார்பர்' என்ற விளையாட்டு அவளுக்குப் பழக்கமானது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளும் எண்களும் மட்டும். முதலில் ஒரு கிரகம் கொடுப்பார்கள். அதில் சுரங்கம் தோண்டி, கப்பல் கட்டி, பக்கத்துக் கிரகங்களைப் பிடிக்கவேண்டும். கப்பலை எங்கே அனுப்புவது என்று எழுதி வைத்துவிட்டுப் போனால் மணிக்கு ஒருமுறை அது நகரும். தனியாக விளையாடினால் மறுநாளே விழுங்கிவிடுவார்கள். அதனால் எல்லோரும் கூட்டணி சேர்ந்துகொள்வார்கள். நான்கு மாதம் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் ஜெயித்தவர் தோற்றவர் எல்லோருடையதும் அழிக்கப்பட்டு, மறுபடி ஒரே கிரகத்திலிருந்து தொடங்கும்.

முதல் சுற்றில் அவள் தன் பெயரிலேயே போனாள். வந்த செய்திகளில் பாதி கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டன, மீதி பதில் எழுதத் தகுதியில்லாதவை. இரண்டாம் சுற்றில் சிங்கராயர் என்று பெயரை மாற்றினாள். ஒரே வாரத்தில் ஊர்ப்பக்கத்து ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் வெளிநாட்டில் இருந்தவர்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள். அண்ணே, அண்ணே என்று யோசனை கேட்டார்கள். அவளுடைய யோசனைகள் பலித்தன. மூன்றாம் சுற்றில் இருபத்து மூன்று பேர் ஆனார்கள். வாய்க்காலின் கடைசியில் கிடந்து, எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சத் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம் என்று யாரோ எழுத, கூட்டணிக்குக் 'கடைமடை' என்றே பெயர் வைத்தார்கள். சிங்கராயர் அண்ணன் தலைவர். சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்த ஜெய்னுலாபுதீன் துணைத் தலைவர். கணக்காகப் பேசுகிறவன், நினைத்ததை ஒளிக்காதவன்.

அண்ணே என்ற அந்த வார்த்தை பிரின்ஸிக்குப் பிடித்திருந்தது. இருபத்தெட்டு வயதில் ஊரில் அவளிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. லைன் ஏன் கட்டாகிறது என்று மட்டும்தான் கேட்டார்கள்.

இருபத்து மூன்று பேரில் வீரையன் பெரிய வீரன் இல்லை. கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில் ஒரு கிராமத்துக்காரன். குவைத்தில் இரும்புக் குழாய் அடுக்கிவைக்கும் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் விளையாடுவான். எட்டு மாதமாகக் கூட இருந்தும் யாருடைய கிரகத்தையும் அவன் அடித்துப் பிடித்ததில்லை. யாருக்கும் வேண்டாத வெற்றுக் கிரகங்களாகப் பார்த்து நான்கை எடுத்துச் சுரங்கம் தோண்டி, தானியம் விளைவித்து, அவற்றைக் கூட்டணியிலேயே செழிப்பானவையாக ஆக்கிவைத்திருந்தான். தெக்குப்பங்கு, ஓடக்கரை, பெரியகட்டளை, நாலுமா என்று பெயர்கள். எல்லாம் அவன் ஊர் வயல்களின் பெயர்கள். அவன் அப்பா ஐயாவு ஆயுள் முழுக்க நட்டதும் அறுத்ததும் அந்த வயல்களில்தான். பட்டாவில் அவர் பெயர் ஒருநாளும் ஏறியதில்லை. அண்ணே, என் பேருக்குப் பட்டா இருக்கிறது இங்கே மட்டும்தான் என்று வீரையன் ஒருமுறை எழுதியிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

அவன் மனைவி பூவம்மாளை பிரின்ஸிக்கு நேரிலேயே தெரியும். வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. மூன்றரை மணி பஸ்ஸில் பூவம்மாள் வந்து மூன்றாம் தடுப்பில் உட்காருவாள். களை எடுத்த கையைக் கழுவிக்கொண்டு அப்படியே வந்திருப்பாள். வீரையன் அங்கே ஒரு நெட் கடையிலிருந்து பேசுவான். டீச்சர்தான் சிங்கராயர் என்பது இருவருக்குமே தெரியாது. சொல்ல வேண்டும் என்று பிரின்ஸி இரண்டொரு முறை நினைத்ததுண்டு. சொன்னால் கூட்டணிக்கே தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

நவம்பர் மாதம் சுற்று முடிய மூன்றரை வாரம் இருக்கையில் கடைமடை இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. முதலிடத்தில் ஐரோப்பியர்கள் அறுபது பேர் சேர்ந்த கூட்டணி. பெயரைத் தமிழில் சொன்னால் பனி ஓநாய்கள். அவர்களுடைய பெரிய படை எப்போதும் தாய்த் துறைமுகத்திலேயே நிற்கும். அது நிற்கிறவரை அந்தத் துறைமுகத்தை யாரும் நெருங்க முடியாது. அது வெளியே கிளம்பினால் போக பத்து மணி நேரம், திரும்ப பத்து மணி நேரம். அந்த நேரம் மட்டும் துறைமுகம் வெறிச்சென்று கிடக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெய்னுலாபுதீனிடமிருந்து அவசரச் செய்தி வந்தது. ஓநாய்களின் பெரிய படை மறுநாள் கிளம்பப்போகிறது, வீரையனின் நான்கு கிரகங்களுக்கு. உளவுக் கப்பல் பார்த்துச் சொன்னது, சந்தேகமில்லை. நாம் எல்லோரும் போய் வீரையனைக் காத்தால் அவர்கள் பாதி வழியில் திரும்பிப் போய்விடுவார்கள், நமக்கு ஒரு லாபமும் இல்லை. காக்காமல் விட்டால் அவர்கள் அங்கே அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் இருபத்திரண்டு பேரும் அவர்களுடைய துறைமுகத்தில் இறங்கிவிடலாம். இந்தச் சுற்றே நம் கையில்.

வீரையனிடம் சொல்லிவிடலாமே என்று பிரின்ஸி எழுதினாள். சொன்னால் கப்பல்களை அங்கிருந்து எடுத்துவிடுவான், ஓநாய்கள் மணிக்கு மணி வேவு பார்க்கிறார்கள், உடனே உஷாராகிவிடுவார்கள் என்று ஜெய்னுலாபுதீன் பதில் எழுதினான். எடுக்காதே என்று சொன்னாலும் அவனால் மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டு இருக்க முடியாது, அந்த நாலு கிரகத்தையும் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறான் என்றான். எல்லாம் மூன்று வாரத்தில் அழியப்போவதுதானே, அவனுக்கு மூன்று வாரம் முன்னால் அழிகிறது, அவ்வளவுதான். முடிவை அண்ணனே எடுக்கட்டும் என்று முடித்திருந்தான்.

அவள் அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்கில் பிழை இல்லை. அறுபது பேரைச் சாய்த்து முதலிடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்பது கண்முன் வந்தது. அப்போது வீரையனிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு, இரண்டு நாள் உள்ளே வர முடியாது, எனக்கு ஆபத்து ஏதும் இருக்கிறதா, இருந்தால் இப்போதே ஏதாவது செய்துவிட்டுப் போகிறேன் அண்ணே என்று கேட்டிருந்தான்.

'ஒண்ணும் இல்ல. நிம்மதியா போய் வேலையப் பாரு' என்று அவள் அடித்தாள்.

அனுப்பிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு மற்ற இருபத்தோரு பேருக்கும் உத்தரவு எழுதினாள். வீரையனின் பெயர் அதில் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சென்டரைத் திறந்து முதல் வேலையாக அதைப் பார்த்தாள். எல்லாம் நினைத்தபடியே நடந்திருந்தது. ஓநாய்களின் தாய்த் துறைமுகம் கடைமடையின் கையில் இருந்தது. திரும்பி வந்த பெரிய படைக்கு இறங்க இடமில்லை, எரிபொருள் இல்லை. கடைமடை முதலிடம். கூட்டணியின் பொதுப் பலகையில் வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. அண்ணன் மூளைக்குக் கோவில் கட்டலாம் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் இல்லாத அறையில் எழுந்து நின்று, எட்டுத் தடுப்புகளுக்கும் நடுவே இரண்டு நடை நடந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் பிறகு தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் வீரையன் உள்ளே வந்தான். நான்கு கிரகங்களின் பெயர்களுக்கு எதிரேயும் பூஜ்யம். தலைவருக்குத் தனியாக எழுதினான். அண்ணே, நீங்கள் பார்ப்பதற்குள் வந்துவிட்டார்கள்போல இருக்கிறது. உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நான்தான் காவல் கப்பல் குறைவாக வைத்திருந்தேன், நீங்கள் முன்பே சொன்னீர்கள், கேட்கவில்லை. என்னால் கூட்டணிக்கு நஷ்டம், மன்னிக்க வேண்டும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பதில் எழுதவில்லை. அதற்குள் பொதுப் பலகையில் ஒருவன், வீரையன் விழுந்தது எப்படி, அண்ணன் கவனிக்கவில்லையா என்று கேட்டிருந்தான். ஜெய்னுலாபுதீன் முந்திக்கொண்டான். அது வீரையனின் கவனக்குறைவு, தலைவர் எத்தனை பேரைத்தான் பார்த்துக்கொள்வார், எல்லோரும் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினான். அதன் கீழே ஏழெட்டுப் பேர் வீரையனுக்கு அறிவுரை சொன்னார்கள். அவன் எல்லோருக்கும் சரிங்க, சரிங்க என்று பதில் போட்டுக்கொண்டே வந்தான். பிரின்ஸி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மறுநாளும் அதற்கடுத்த வாரம் முழுவதும்கூட எழுதவில்லை. வீரையன் உள்ளே வருவதை நிறுத்திவிட்டான்.

அந்த வாரக் கடைசியில், வெள்ளிக்கிழமை, பூவம்மாள் வழக்கம்போல வந்தாள். லைன் கிடைக்கத் தாமதமானது. மூன்றாம் தடுப்பில் உட்காராமல் பிரின்ஸியின் மேஜை அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். "அவுங்க எனக்குத் தெரியாம எங்கயும் நெலம் வாங்கிப் போட்டிருந்தாங்களா?"

"ஏங்க்கா கேக்குறீங்க?"

போன வாரம் பேசும்போது வீரையனின் குரலே சரியில்லையாம். என்ன என்று துருவிக் கேட்டதில், நாலு பங்கும் போய்விட்டது என்று சொல்லி அழுதிருக்கிறான். எந்தப் பங்கு என்று கேட்டால் ஓடக்கரை, நாலுமா என்கிறான். அதெல்லாம் மிராசுதார் வீட்டு நிலம் ஆயிற்றே, இவன் யாரிடமாவது முன்பணம் கொடுத்து ஏமாந்துவிட்டானோ என்று பூவம்மாள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. ஊரில் யாரிடமும் கேட்கவும் பயம்.

பிரின்ஸி அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். அது நிஜ நிலம் இல்லை, கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டு என்று முடிந்தவரை விளக்கினாள். ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்று சத்தியம் செய்தாள். பூவம்மாள் நெஞ்சில் கையை வைத்து மூச்சுவிட்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. இதற்காகவா பிள்ளை பெற்ற மனிதன் அழுதான் என்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

"யாரோ சிங்கராயர் அண்ணனாம். அவருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா வுட்டிருக்க மாட்டாருன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றாங்க டீச்சர்."

அந்த நேரத்தில் மூன்றாம் தடுப்பில் லைன் கிடைத்துவிட்டது. பூவம்மாள் எழுந்து போனாள். விளையாட்டு என்று தெரிந்த பிறகு அவள் புருஷனைத் திட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, பிறகு சம்பாப் பயிரைப் பற்றி. பிரின்ஸி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். எல்லாம் மூன்று வாரத்தில் அழியப்போவதுதானே என்று ஜெய்னுலாபுதீன் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. அது உண்மைதான், சுற்று முடிந்தால் எல்லாம் அழிந்துவிடும். யாருக்கும் தெரியாது. வீரையன் மட்டும் ஆயுளுக்கும் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

அவள் மூன்றாம் தடுப்புக்குப் போனாள். அக்கா, நான் ஒரு நிமிஷம் பேசணும் என்று ஹெட்போனைக் கேட்டு வாங்கினாள். பூவம்மாள் எழுந்திருக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"வீரையன் அண்ணே, நான் சென்டர்லேருந்து பிரின்ஸி பேசுறேன்."

"சொல்லுங்க டீச்சர்."

"நான்தான் சிங்கராயர்."

"எந்த சிங்கராயர்?"

"கடைமடை சிங்கராயர்."

அவன் சிரித்தான். பூவம்மாள் ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டாள், அவளும் டீச்சரும் சேர்ந்து கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருப்பான். பிரின்ஸி அவன் தலைவருக்குத் தனியாக எழுதிய வரிகளை வரிசையாகச் சொன்னாள், காவல் கப்பல் குறைவாக வைத்திருந்ததுவரை. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓநாய் வர்றது எனக்கு மொத நாளே தெரியும்ண்ணே. தெரிஞ்சேதான் உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதினேன். அவங்க உங்கள அடிக்கிற நேரத்துல நாங்க அவங்க துறைமுகத்தப் புடிச்சோம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பலகையில எல்லாரும் உங்களச் சொன்னப்பயும் நான் வாயத் தொறக்கல."

பக்கத்தில் இருந்த பூவம்மாளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அவள் பிரின்ஸியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவைத்துக் கடையின் இரைச்சலுக்கு நடுவே வீரையன் பேசினான்.

"எங்கப்பா ஓடக்கரைய வாரத்துக்கு, பாதி நெல்லு அவங்களுக்குன்னு, பயிர் வெச்சிருந்தாரு. ஒரு சம்பாவுக்கு நாத்துக்கட்டோட வயலுக்குப் போனா, அங்க வேற ஒருத்தன் ஏர் ஓட்டிக்கிட்டு நிக்கிறான். மொத நாள் சாயங்காலம்தான் மிராசு வீட்டுல எங்கப்பாவுக்கு வெத்தலபாக்குக் குடுத்துப் பேசிக்கிட்டிருந்தாங்க. நெலத்த மாத்திக் குடுத்துட்டோம்னு ஒரு வார்த்த சொல்லல. எங்கப்பா நாத்த வரப்புலயே போட்டுட்டு வந்துட்டாரு. நானும் கூடப் போயிருந்தேன்."

பிரின்ஸி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றான் அவன். "நம்ம ஜெயிக்கணும், நாலையும் விட்டுக்குடுன்னு கேட்டிருந்தா, கப்பல ஒரு அடி நகத்தாம வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். எனக்குத்தான் வேற என்ன இருக்கு அங்க, ஒங்க எல்லாரையும் தவுர. கேக்குற அளவுக்குக்கூட ஒங்களுக்கு என்னை ஆளாத் தோணல."

லைனை அவனே வைத்துவிட்டான். பூவம்மாள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். வழக்கமாக வரட்டுமா டீச்சர் என்று சொல்லாமல் போகமாட்டாள்.

அன்றைக்கே, சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன், பிரின்ஸி பொதுப் பலகையில் எழுதினாள். நீளமாக எழுதவில்லை. வீரையனின் கிரகங்கள் விழப்போவது தனக்கு முன்பே தெரியும், கேட்டவனிடம் பொய் சொன்னது தான், அவன் கவனக்குறைவாக இருக்கவில்லை, அவனைக் குறை சொன்னபோது வாய்மூடி இருந்ததும் தான். ஜெய்னுலாபுதீன் யோசனை சொன்னான், முடிவு தன்னுடையது. தன் பெயர் பிரின்ஸி, சிங்கராயர் என்பது அப்பாவின் பெயர். இனித் தலைவர் பொறுப்பில் இருக்கப்போவதில்லை.

மறுநாள் காலை பலகை தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஒரு பொம்பளையின் கீழேயா இத்தனை நாள் இருந்தோம் என்று சிலர் எழுதினார்கள். இதெல்லாம் போரில் சகஜம், எதற்கு இந்த நாடகம் என்று சிலர். நாளைக்கு என்னையும் இப்படித்தானே விட்டிருப்பீர்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒரு வாரத்தில் பதினோரு பேர் விலகினார்கள். விலகியவர்களில் யாரோ ஓநாய்களிடம் போய் எங்கே எத்தனை கப்பல் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிடித்த துறைமுகம் போயிற்று. சுற்று முடிந்தபோது கடைமடை ஒன்பதாம் இடம்.

ஜெய்னுலாபுதீன் கடைசிவரை விலகவில்லை. ஆனால் பத்து நாள் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தனியாக எழுதினான். ஜெயித்ததைக் கையில் வைத்துக்கொண்டே தொலைத்தது நீங்கள்தான், அந்தக் கோபம் எனக்குப் போகாது என்றான். அடுத்த வரியில், வீரையனிடம் நானும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தான். என்ன பதில் வந்தது என்று அவன் சொல்லவில்லை.

அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வரும் வழியில் சொன்னாள். கிரகம், கப்பல் எல்லாம் சிங்கராயருக்குப் பிடிபடவில்லை. தன் பெயரில் ஒருவனிடம் பொய் சொல்லப்பட்டிருக்கிறது என்பது மட்டும் பிடிபட்டது. அந்த ஆளுக்கு நிலம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார்.

பூவம்மாள் இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை. வேறு சென்டருக்குப் போயிருப்பாள் என்று பிரின்ஸி நினைத்துக்கொண்டாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை, சம்பாவுக்குக் கடைசிக் களை எடுத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, எப்போதும்போல வந்து மூன்றாம் தடுப்பில் உட்கார்ந்தாள். விளையாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிரின்ஸி ஹெட்போனை மாட்டிவிட்டபோது பூவம்மாள் அந்தக் கையை ஒருமுறை தொட்டாள், அவ்வளவுதான்.

ஜனவரியில் புதிய சுற்று தொடங்கியது. கடைமடையில் மிஞ்சியது பன்னிரண்டு பேர். முதல் நாளே வீரையன் ஒரு கிரகத்தோடு வந்து சேர்ந்தான். யார் தலைவர் என்று பேச்சு வந்தபோது இரண்டு மூன்று பேர், நடந்தது நடந்துவிட்டது, பிரின்ஸி அக்காவே இருக்கட்டும் என்றார்கள். வீரையன் எல்லோர் முன்னாலும் பலகையில் எழுதினான். 'அவுங்க கீழ நான் இருக்க மாட்டேன். அவுங்ககூட இருப்பேன்.'

படித்தபோது அவளுக்குக் காது சுட்டது. ஆனால் அதில் ஒரு சொல்கூட அநியாயம் இல்லை என்றும் பட்டது. ஓட்டுப் போட்டார்கள். வீரையனுக்கு ஒன்பது ஓட்டு. அவளுடையதும் அதில் ஒன்று.

வீரையன் திறமையான தளபதி இல்லை. எதையும் யோசித்து யோசித்து நேரத்தைக் கடத்துவான். எந்தப் படையை நகர்த்துவதானாலும் அந்தப் படைக்காரனுக்கு முதலில் எழுதுவான். இதனால் பல நல்ல சந்தர்ப்பங்கள் கைநழுவின. ஜெய்னுலாபுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் பிரின்ஸிக்கு வீரையனிடமிருந்து செய்தி வந்தது. நாளைக்கு ஒரு கூட்டம் நம்மை அடிக்க வருகிறது. உங்களுடைய இரண்டாவது கிரகத்தை விட்டுக்கொடுத்தால் மற்ற மூன்று பேரைக் காப்பாற்றிவிடலாம். விட்டுக்கொடுக்க முடியுமா, முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள், அதிலொன்றும் தப்பில்லை.

இரண்டு மாதமாகச் சிறுகச்சிறுகக் கட்டிய கிரகம் அது. பெயர்கூட அப்போதுதான் வைத்திருந்தாள். உடனே சரி என்று எழுதிவிடுவோம் என்றுதான் அவள் தன்னைப்பற்றி நினைத்திருந்தாள். கை வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, முடியவில்லை அண்ணே என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தன்னை நினைத்தே திகைத்துப்போனாள்.

'சரிங்க. வேற வழி பாக்குறேன்' என்று பதில் வந்தது.

வேறு வழி சரியாக அமையவில்லை. கடைமடைக்கு இரண்டு கிரகங்கள் போயின. அதில் ஒன்று வீரையனுடையது. இந்த நஷ்டம் எப்படி வந்தது என்று பலகையில் கேள்வி எழுந்தபோது, திட்டம் தன்னுடையது, கணக்குத் தவறிவிட்டது என்று மட்டும் வீரையன் எழுதினான். யாரைக் கேட்டான், யார் மறுத்தார்கள் என்று சொல்லவேயில்லை. பிரின்ஸி அதைப் படித்துவிட்டு, அன்று முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் மெயில் அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் சென்டரைப் பூட்டுவதற்கு முன் பலகையில் ஒரு வரி சேர்த்தாள். அண்ணன் கேட்டது என்னைத்தான், மறுத்தது நான்தான். யாரும் அவளைத் திட்டவில்லை. அடுத்தமுறை என்னைக் கேளுங்கள் என்று ஜெய்னுலாபுதீன் மட்டும் வீரையனுக்கு எழுதியிருந்தான்.

அந்த வார வெள்ளிக்கிழமை பூவம்மாள் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி, "டீச்சர், அவுங்க ஒங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்று கூப்பிட்டாள்.

பிரின்ஸி போய் ஹெட்போனை வாங்கினாள். விழுந்த கிரகத்தைப் பற்றி வீரையன் பேசவில்லை. எரிபொருள் போதாமல் கப்பல்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன, இரண்டு தடவையாக அனுப்பினால் சரிவருமா என்று கேட்டான். சரிவராது, எதிரி இடையில் வந்துவிடுவான் என்றாள். அப்படியானால் வழியில் ஒரு கிடங்கு கட்டினால் என்ன என்றான் அவன். கிடங்கில் வேலை பார்க்கிறவனுக்குக் கிடங்குதான் தோன்றும் என்று அவள் சொல்ல, அவன் சிரித்துவிட்டான். எங்கே கட்டுவது, யார் காவலிருப்பது, காவலிருக்க யாரைக் கேட்பது என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது.

பூவம்மாள் கொஞ்சநேரம் இருவரையும் பேசவிட்டாள். பிறகு, தான் ஏழு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தது பிள்ளைக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசத்தான் என்று சொல்லி, ஹெட்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.